தண்ணி திரும்புற மாசம்

தெய்வம்மா: ...அதுக்கு எதுக்குடி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கணும்? மண்ணு கொட்டறதுக்கா?

வனிதா: கொட்டறதுக்கு இல்லம்மா. எங்க கொட்டணும்னு சொல்றதுக்கு.

தெய்வம்மா: அதத்தான் நானும் கேக்கறேன். கடலு அம்புட்டு பெருசு. ஒரு லாரி மண்ண எங்க கொட்டினா என்ன?

வனிதா: லாரி இல்ல, கப்பல். ஒரு நாளைக்கு ஆறு நடை. மூணு மாசத்துக்கு.

தெய்வம்மா: ஆத்தாடி... அம்புட்டு மண்ணு எங்கேருந்து வருது?

வனிதா: துறைமுகத்துக்குள்ளேருந்துதான். கடல் கொண்டாந்து வாய்ப்பக்கம் சேத்து சேத்து மேடாக்கிடும். கப்பல் அடி தட்டும். அத தோண்டி எடுத்து வேற எங்கயாச்சும் போட்டாகணும். நீ சோத்த தின்னும்மா. ரெண்டு மணிக்கு சங்கு ஊதிருவாங்க.

தெய்வம்மா: தின்னுட்டுத்தான இருக்கேன்... என்ன இது, தேத்தண்ணி இப்பிடி கசக்குது? சீனி போடலியா?

வனிதா: போடல.

தெய்வம்மா: ...சீனி டப்பாவ எடுத்தியா?

வனிதா: இல்ல. ஏன்?

தெய்வம்மா: இல்ல... அதுல சீனி தீந்துபோச்சு. காலி டப்பா. நீ அத தொறக்காத, உள்ள எறும்பா கெடக்கு.

வனிதா: காலி டப்பாவுல எறும்புக்கு என்ன வேல?

தெய்வம்மா: இந்தா, வந்துட்டா வக்கீலு. ஒன் போனு அடிக்குது பாரு.

வனிதா: அடிக்கட்டும்.

தெய்வம்மா: நான் படியேறி வர்றப்பவும் அடிச்சிச்சு. காலையிலேருந்தா?

வனிதா: ம்.

தெய்வம்மா: ஆபீஸா?

வனிதா: ...ம்.

தெய்வம்மா: நேத்து கடைசி பஸ்ஸுல வந்து எறங்கினப்பவே பாத்தேன். யானை நின்னுச்சு, பஸ்ஸு லேட்டு, அதான் அசதின்னு சொன்ன. லீவு போட்டேன்னு சொன்ன. இது லீவு மூஞ்சி இல்லடி.

வனிதா: லீவுக்குன்னு தனியா ஒரு மூஞ்சி இருக்கா?

தெய்வம்மா: இருக்கு. தீவாளிக்கு வர்றப்ப வெப்பியே, அது. இது வேற... யாரும் கைய புடிச்சு இழுத்தானா ஆபீஸுல?

வனிதா: அய்யோ, அதெல்லாம் இல்லம்மா.

தெய்வம்மா: பின்ன சொல்லு. எனக்கு புரியாதுன்னு நெனச்சுக்கிட்டு முழுங்காத. நாப்பது வருஷமா கொழுந்து எடுக்கறேன், என் தலைக்குள்ள தேயிலையா மொளச்சிருக்கு?

வனிதா: ...சரி. அந்த மட்டக்கம்ப குடு.

தெய்வம்மா: அது எதுக்கு? அத தூக்கி தரையில போடாத. செடி மட்டம் பாக்கற கம்பு. கோணிச்சுன்னா கங்காணி என்னத்தான் கோணலுன்னுவான்.

வனிதா: கோணாது. பாரு, இந்தக் கம்புதான் கரை. கம்புக்கு இந்தப்பக்கம் ஊரு, அந்தப்பக்கம் கடல். இந்த டம்ளர் துறைமுகம். இந்த வெங்காயம் ஒரு மீன்காரக் குப்பம்.

தெய்வம்மா: வெங்காயத்த நசுக்கிராத. சாயந்திரம் கொழம்புக்கு அது ஒண்ணுதான் இருக்கு.

வனிதா: மண்ணு போட மூணு எடம் குறிச்சோம். மொத எடத்துல பாறை, மீன் முட்டயிடற எடம், அத அன்னைக்கே அடிச்சிட்டோம். ரெண்டாவது எடம் இங்க. வெங்காயத்துக்கு கொஞ்சம் தெக்க. மூணாவது அங்க... ஒன் கால் கிட்ட. ரொம்ப தெக்க. அங்க ஆளு இல்ல, படகு இல்ல. வெறும் பொட்டல். கடல் கரைய தின்னுட்டே வருது.

தெய்வம்மா: கரைய கடலு திங்குமா?

வனிதா: திங்கும்மா. வருஷா வருஷம். அதனாலதான் மண்ண நடுக்கடல்ல கொண்டுபோய் வீசாம, கரைக்குப் பக்கத்துல, ஆறு மீட்டர் ஆழத்துல போடறது. அலை அத கொஞ்சங்கொஞ்சமா தள்ளித் தள்ளி அரிச்ச கரையில சேக்கும். ஒரு எடத்துல வேண்டாத மண்ணு இன்னொரு எடத்துக்கு ஆகும். நல்ல வேலதாம்மா அது. நெசமாவே நல்ல வேல. எடம் சரியா இருந்தா.

தெய்வம்மா: அப்ப என் கால் கிட்ட இருக்கிற எடத்துலயே போடு. முடிஞ்சுது. இதுக்கா இந்த மூஞ்சி?

வனிதா: அது தூரம். ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகும். எங்க சாருக்கு ரெண்டாவது எடந்தான் வேணும். துறைமுகத்துக்காரங்களுக்கும் அதான் வேணும். எல்லாருக்கும் அதான் வேணும்.

தெய்வம்மா: ரெண்டாவதுல போட்டா?

வனிதா: வெறும் மணலா இருந்தா ஒண்ணுமில்ல. இதுல பாதி சேறு. மணல் உக்காந்துக்கும், சேறு உக்காராது. மெதக்கும். தண்ணி எந்தப்பக்கம் இழுக்குதோ அந்தப்பக்கம் போகும்.

தெய்வம்மா: எந்தப்பக்கம் இழுக்குது?

வனிதா: அங்கதாம்மா நான்...

தெய்வம்மா: என்ன?

வனிதா: மார்கழியில ஒரு மிஷின கடலுக்குள்ள எறக்கினோம். தண்ணி எந்தப்பக்கம், என்ன வேகம்னு அது எழுதிட்டே இருக்கும். முப்பது நாள். முப்பது நாளும் தெக்கதான் இழுத்துச்சு. குப்பத்த விட்டு வெலகி. சரி, சேறு அவங்க பக்கம் வராது, ரெண்டாவது எடம் ஆகும், வருஷம் பூரா இப்பிடித்தான்னு ரிப்போர்ட்ல எழுதியாச்சு.

தெய்வம்மா: எழுதினது யாரு, ஒங்க சாரா?

வனிதா: ...நான்.

தெய்வம்மா: நீயா?

வனிதா: நாந்தாம்மா. யாரும் சொல்லிக்குடுத்து எழுதல. நானே எழுதினேன்.

தெய்வம்மா: அது தப்பா?

வனிதா: கடல்ல தண்ணி திரும்பும்மா. கொஞ்ச மாசம் தெக்க, மத்த மாசமெல்லாம் வடக்க. நான் அத படிச்சிருக்கேன். பரீட்சையில அந்தக் கேள்வி வந்துச்சு, முழு மார்க்கு வாங்கினேன். ஆனா மிஷின் தெக்கன்னு காட்டினதும் எனக்கு சந்தேகமே வரல. இங்க பொறந்தவ நான். நம்ம ஓடையில மழையில்லாட்டியும் தண்ணி கீழதான் போகும், மழ கொட்டினாலும் கீழதான் போகும். ஒரு நாளாச்சும் மேல ஏறி வந்து பாத்திருக்கியா?

தெய்வம்மா: இல்ல.

வனிதா: அதான். கடலுக்குப் பக்கத்துல பொறந்த சின்னப் பிள்ள கூட அந்தத் தப்ப பண்ணாது. நான் பண்ணினேன்.

தெய்வம்மா: பின்ன எப்பிடி தெரிஞ்சுது?

வனிதா: வேலாமணி அக்கா சொன்னாங்க. அந்தக் குப்பத்துல மட்டி அள்ளுறவங்க. மட்டின்னா சிப்பி. ஆறு கடல்ல சேர்ற எடத்துல, இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு நின்னு, சேத்துல கைய விட்டு தடவித் தடவி எடுக்கணும். காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் குனிஞ்சபடியேதான்.

தெய்வம்மா: கூடை முதுகுலயா?

வனிதா: தண்ணியில எப்பிடிம்மா முதுகுல? அலுமினியச் சட்டி. பக்கத்துலயே மெதந்துட்டு வரும்.

தெய்வம்மா: பரவால்லையே. எடையத் தண்ணி தூக்கிக்குது. நம்ம கங்காணிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு கொளம் வெட்டச் சொல்லு.

வனிதா: சிரிக்காதம்மா.

தெய்வம்மா: சரி, சிரிக்கல. என்ன சொன்னா அவ?

வனிதா: போன மாசம் கடைசியா ஒரு தடவ அங்க போனேன். சோறு போட்டாங்க. சும்மா பேச்சுவாக்குல நம்ம கப்பல் ஆனியில வரும்னேன். அவங்க சிரிச்சாங்க. 'ஆனியில தண்ணி வடக்கத்தான இழுக்கும், உனக்கு யாரும் சொல்லலியா கண்ணு?'ன்னாங்க. பாதி சோத்துல கைய கழுவிட்டேன்.

தெய்வம்மா: வடக்க இழுத்தா... சேறு வெங்காயத்துக்கு வரும்.

வனிதா: நேரா வரும். ஆத்து வாயி அடைபடும். நாப்பது படகு அந்த வாய் வழியாத்தான் கடலுக்குப் போவுது. மட்டி பூரா சேத்துக்கடியில மூச்சு முட்டி சாகும். அவங்க கிட்ட சொன்னேன், 'அக்கா, நான் இத மாத்திடறேன்'னு. வாக்கு குடுத்துட்டு வந்தேன்.

தெய்வம்மா: மாத்த வேண்டியதுதான?

வனிதா: போய்ச் சொன்னேன் சார் கிட்ட. தினேஷ்குமார் சார். எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'வருஷம் பூரா தெக்கன்னு எழுதினது நீங்கதான? இப்ப தப்புன்னா, தப்பா எழுதினவங்கள நான் வெச்சுக்க முடியாதே.'

தெய்வம்மா: அடப்பாவி.

வனிதா: 'கடைசித் தாள்ல கையெழுத்து போடுங்க. ரெண்டாவது எடம். போட்டா வேல இருக்கு. போடலேன்னா வேற ஆளு போடுவாங்க, நீங்க வீட்டுக்குப் போலாம். உங்கள மாதிரி எடத்துலேருந்து வந்தவங்களுக்கு இந்த வேல கெடச்சதே பெரிசு'ன்னாரு.

தெய்வம்மா: உங்கள மாதிரி எடம்னா?

வனிதா: இந்த எடந்தான். எஸ்டேட்டு குடுத்த இந்த லயம். பத்தடிக்குப் பத்தடி. அவரு வாயால சொல்லல, கண்ணு சொல்லிச்சு. எனக்கு அப்பிடியே அந்த மேசைய... ஆனா ஒண்ணும் பண்ணலம்மா. 'யோசிச்சு சொல்றேன் சார்'னு சொல்லிட்டு வந்தேன். சார்னு வேற சொன்னேன்.

தெய்வம்மா: எப்ப சொல்லணும்?

வனிதா: இன்னைக்கு. அஞ்சு மணிக்குள்ள.

லிஜி: தெய்வம்மா சேச்சி! உள்ளயா இருக்கீங்க? அய்யோ, யாரு இது, வனிதா மோளா! எப்ப வந்தே? ஆளே எளச்சுப் போயிட்டியே.

வனிதா: நேத்து வந்தேன் லிஜிக்கா. நல்லா இருக்கீங்களா?

லிஜி: நமக்கென்ன மோளே, அட்டையும் மழையும். சேச்சி, நான் எதுக்கு வந்தேன்னா, அந்தக் கட்டில எப்ப எடுத்துக்கட்டும்? ஞாயித்துக்கிழமைன்னா எங்க ஆளு ஊட்ல இருக்கும். கோழிங்க வந்து ஒரு நாள்தான் ஆச்சு, ஆனா எங்க கூட்டுல நல்லா...

தெய்வம்மா: லிஜி, ஒன் ஆடு அவுத்துக்கிச்சு.

லிஜி: எங்க?

தெய்வம்மா: கீழ. காய்கறிப் பாத்தியில. ஓடு, ஓடு.

லிஜி: எங்க ஆட்ட போன மாசமே வித்தாச்சே சேச்சி...

தெய்வம்மா: அப்ப வேற யாரு ஆடோ. போய்ப் பாருடி. சங்கு ஊதப்போவுது.

லிஜி: ...ஓ. சரி சேச்சி. நான் பின்ன வர்றேன். வர்றேன் மோளே.

வனிதா: ...கோழிய மரநாய் புடிச்சிருச்சுன்னு நேத்து சொன்ன.

தெய்வம்மா: ரெண்டு புடிச்சிச்சு. மிச்சத்த அவகிட்ட குடுத்தேன். பாத்துக்க முடியல.

வனிதா: கட்டிலு?

தெய்வம்மா: மூட்டப்பூச்சி. எனக்கு தரையில படுத்தாத்தான் இடுப்புக்கு நல்லாயிருக்கு. நீ பேச்ச மாத்தாத. அஞ்சு மணிக்கு என்ன பண்ணப்போற?

வனிதா: நீ சொல்லு.

தெய்வம்மா: நானா? நானு இன்ஜினியரா?

வனிதா: நீ சொல்லும்மா. போட்டுட்டு போடின்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லா அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஊரு எக்கேடு கெட்டா என்ன, ஒன் வேலய பாருன்னு. நான் போடலேன்னாலும் வேற ஒருத்தன் போடத்தான் போறான். சேறு வரத்தான் போவுது. சொல்லு... போடுன்னு சொல்லு.

தெய்வம்மா: ...ஒங்கப்பா ஒரு கையெழுத்து போட்டாரு. தெரியுமா?

வனிதா: எதுக்கு?

தெய்வம்மா: நீ அப்ப மூணாங்கிளாஸு. ஃபாக்டரிக்கு பின்னால மேட்ட வெட்டி தளமாக்கினாங்க. வெட்டின மண்ண கொட்ட எடம் வேணும். தூரமா கொண்டுபோனா டிராக்டரு, டீசலு. நம்ம லயத்துக்கு மேல ஊத்து இருந்துச்சே, அதுக்குப் பக்கத்துப் பள்ளத்துல கொட்டறோம்னாங்க. லயத்து சனத்துக்கு ஆட்சேபணை இல்லேன்னு ஒரு தாளு. யூனியன் கமிட்டியில ஒங்கப்பா பேரு இருந்துச்சு. பாலன்னு கையெழுத்து போட்டாரு.

வனிதா: அப்பாவா?

தெய்வம்மா: ஆடி மழையில மண்ணு பூரா ஊத்துல எறங்கிருச்சு. தண்ணி செவப்பா வந்துச்சு. அப்புறம் அதுவும் வரல. எட்டு மாசம் கீழ ஓடையிலேருந்து தூக்கினோம். நம்ம லயத்து வீரம்மா அப்ப ஒம்பது மாசம் புள்ளத்தாச்சி. கொடத்தோட வழுக்கி விழுந்துட்டா.

வனிதா: ...பிள்ள?

தெய்வம்மா: இல்ல. அதுக்கப்புறம் அவளுக்கு வேற பொறக்கல.

வனிதா: ஏம்மா இத என்கிட்ட இத்தன வருஷமா...

தெய்வம்மா: நல்ல கதையா, சொல்றதுக்கு? பதினாறு வருஷம் ஒரே நெரையில கொழுந்து எடுத்தோம், நானும் அவளும். ஒரு வார்த்த பேசல. சண்ட போட்டா பரவால்ல. திட்டினா பரவால்ல. பேசவே இல்லடி. ஒங்கப்பா செத்தப்ப வந்தா. வாசல்ல நின்னா, பாத்தா, போயிட்டா.

வனிதா: அப்பா ஏன் போட்டாரு?

தெய்வம்மா: ...நான் அப்ப டெம்பரவரி. அடுத்த மாசம் பர்மனென்ட் ஆக்கினாங்க. இந்த ஊடு அப்பிடித்தான் நமக்கு வந்துச்சு.

வனிதா: இந்த ஊடா.

தெய்வம்மா: இந்த ஊடுதான். இதுலேருந்துதான் நீ படிச்ச. நான் ஒண்ணும் அவர குத்தம் சொல்லல. அவரு போடலேன்னா வேற ஒருத்தன் போட்டிருப்பான். அவரும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு, சாகற வரைக்கும். யாரும் கேக்கலன்னாலும் சொல்லுவாரு. சோறு திங்கறப்ப சொல்லுவாரு.

வனிதா: ...போதும்மா.

தெய்வம்மா: நீ அப்பிடி சோறு திங்க வேணாம்.

வனிதா: போதும்னு சொல்றேன்ல.

தெய்வம்மா: நேத்து வர்றப்பவே முடிவு பண்ணிட்டுத்தான வந்த? இல்லேன்னா எதுக்கு ரெண்டு பொட்டி? ஒரு நாள் லீவுக்கு ரெண்டு பொட்டியா?

வனிதா: ...ஆமா. ஹாஸ்டல காலி பண்ணிட்டுத்தான் வந்தேன். ராஜினாமா எழுதி லேப்டாப்ல வெச்சிருக்கேன். ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னோடது, ரெண்டாவது எடத்துல கொட்டக் கூடாதுன்னு துறைமுகத்துக்கும் ஒரு கடுதாசி. ரெண்டையும் இங்க வந்து, ஒன் பக்கத்துல உக்காந்து அனுப்பணும்னு நெனச்சேன். பஸ்ஸு பூரா அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். வேல போனா என்ன, கொஞ்ச நாள் அம்மா கூட இருப்போம்...

தெய்வம்மா: அப்ப அனுப்பு. யாரு வேணாங்கறா?

வனிதா: நீ எப்பிடிம்மா சமாளிப்ப?

தெய்வம்மா: ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? என் கை இருக்கு. கொழுந்து இருக்கு. நீயும் நானும் ரெண்டு பேரு, எம்புட்டு திம்போம்? வேற வேல கெடைக்கற வரைக்கும் இங்க கெட. ஒரு வருஷம் ஆனாலும் கெட.

வனிதா: இங்கயா?

தெய்வம்மா: பின்ன எங்க? இந்த ஊட்ட விட்டு நம்மள யாரு போகச் சொல்லப்போறா?

வனிதா: ...யாரும் சொல்லமாட்டாங்களா?

தெய்வம்மா: யாரு சொல்லுவா? கூரைத் தகரம் ஒழுகும், அம்புட்டுதான். போடாதடி. கையெழுத்து மட்டும் போடாத.

வனிதா: நெசமாத்தான் சொல்றியாம்மா?

தெய்வம்மா: நான் எப்ப ஒன்கிட்ட பொய் சொன்னேன்? சங்கு ஊதிருச்சு. நான் போவணும். என்னடி, அழுவுற? போடமாட்டேன்னு சொல்றதுக்கா அழுவுற? எந்திரி. இந்தா, மறுபடியும் போனு. எடு. எடுத்து அந்த தினேஷ்குமாருகிட்ட சொல்லு, எங்கம்மா போடக்கூடாதுன்னுட்டாங்கன்னு.

வனிதா: அது ஆபீஸ் இல்லம்மா.

தெய்வம்மா: பின்ன? காலையிலேருந்து யாரு?

வனிதா: வேலாமணி அக்கா. என்னாச்சுன்னு கேக்கறதுக்கு.

தெய்வம்மா: அட, அவளா! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எடு, நல்ல சேதிதான. நீ தைரியமா பேசு, மாத்திட்டேன்னு சொல்லு.

வனிதா: காலையில நீ பெரட்டுல பேரு குடுக்கப் போனதும் தேத்தண்ணி போட்டேன்மா. சீனி டப்பாவ தொறந்தேன். முப்பதாந்தேதியோட நீ ரிட்டையரு, ரெண்டு மாசத்துல ஊட்ட காலி பண்ணணும்னு எஸ்டேட் நோட்டீசு நாலா மடிச்சு உள்ள இருந்துச்சு. பத்து மணிக்கே ரெண்டாவது எடம்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்.